கொள்ளுத்தாத்தா, நீங்கள் காரைக்காலில் செத்திருக்கலாம்

எப்படி வாழ்வது என்று சொல்லித்தர இந்த நாட்டில் ஆள் பஞ்சமில்லை. எங்கே சாவது என்று சொல்லித்தரத்தான் ஒருவரும் இல்லை. முன்னோரின் இறப்புப் பதிவைத் தேடி அரசு அலுவலகப் படிகளில் செருப்பைத் தேய்த்தவன் என்ற ஒரே தகுதியில், இனி சாகப்போகும் அன்பர்களுக்கு நான் சில யோசனைகள் சொல்லலாம் என்றிருக்கிறேன். உங்கள் பேரன் பேத்தி நாளைக்கு உங்களைத் தேடி வந்தால் அகப்பட வேண்டாமா?

வெள்ளைக்காரராகச் சாவது உத்தமம். சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் தூய மேரி தேவாலயம் 1680இல் திறக்கப்பட்டது. அங்கே யாருக்குக் கல்யாணம், யாருக்கு ஞானஸ்நானம், யாரைப் புதைத்தார்கள் என்பதெல்லாம் ஏட்டில் இருக்கிறது. மதராஸ் மாகாணத்து வெள்ளையரின் அடக்கப் பதிவுகள் நகலெடுக்கப்பட்டு லண்டனுக்குப் போயின. இன்று அவை பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. பிரிட்டிஷ் இந்தியாவில் வாழ்ந்த குடும்பங்களுக்கென்றே அங்கே ஒரு சங்கம். தொண்டர்கள் உட்கார்ந்து பெயர் பெயராகத் தட்டெழுதிப் போட்டிருக்கிறார்கள். போதாததற்கு 1905இலேயே ஜே. ஜே. காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி, மதராஸ் மாகாணத்துக் கல்லறை வாசகங்களைத் தொகுத்து அரசு அச்சகத்தில் தடிப் புத்தகமாகவே அச்சிட்டுவிட்டார். மசூலிப்பட்டினத்தில் பேதி வந்து செத்த ஒரு கம்பெனி குமாஸ்தாவை, லீட்ஸ் நகரில் டீ குடித்துக்கொண்டே அவர் வீட்டுப் பேத்தியின் பேத்தி கண்டுபிடித்துவிடலாம்.

எலிஹு யேலைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மதராஸ் கவர்னர். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் பெயர் கொடுத்தவர். அடிமை வியாபாரத்திலும் அவர் கை நனைந்திருக்கிறது. அவருடைய மகன் டேவிட் சின்னக் குழந்தையாகவே இறந்துபோனான். அவன் கல்லறை சென்னை உயர் நீதிமன்ற வளாகத்துக்குள், தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னமாக நிற்கிறது. அதை வேறு இடத்துக்கு மாற்றலாமா கூடாதா என்று அதே உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்து 2023இல் தீர்ப்பே வந்தது. குழந்தை பாவம், அதைக் குறை சொல்லவில்லை. முந்நூற்று முப்பது வருடங்களுக்கு முன் செத்த ஒரு வெள்ளைக்காரப் பிள்ளைக்காக இந்த நாட்டுச் சட்டம் கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு வாதாடுகிறது. என் கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு வரி கிடையாது.

வெள்ளைக்காரராகப் பிறக்கும் பாக்கியம் இல்லாதவர்கள் பிரெஞ்சுக்காரன் எல்லைக்குள் போய்ச் சாகலாம். பிரான்சு மன்னர் 1776இலேயே ஓர் ஆணை போட்டார்: காலனிகளில் எழுதப்படும் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகளுக்கு ஒரு நகல் கப்பலேறித் தாய்நாட்டுக்கு வந்தாக வேண்டும். புதுச்சேரிக்காரர்களும் காரைக்கால்காரர்களும் ‘எத்தா சிவில்’ என்று சொல்லும் அந்தப் பதிவேடுகள் இன்று தெற்குப் பிரான்சில் எய்க்ஸ் நகர ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பழைய ஏடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இணையத்திலும் போட்டுவிட்டார்கள். காசு கேட்பதில்லை. என்ன உறவு என்று கேட்பதில்லை. முக்கியமாக, “எதுக்கு?” என்று கேட்பதில்லை.

என் கொள்ளுத்தாத்தா வாஞ்சூர் எல்லைக்கு இந்தப் பக்கம், நாகூருக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் செத்தார். வண்டி கட்டினால் ஒரு பொழுதுக்குள் காரைக்கால். மனுஷருக்கு அந்த முன்யோசனை இல்லை.

இன்னொரு வழியும் இருக்கிறது, கொஞ்சம் கஷ்டமான வழி: கூலியாகக் கப்பலேறுவது. 1860 நவம்பரில் மதராசிலிருந்து டர்பனுக்குப் போய்ச் சேர்ந்த ‘ட்ரூரோ’ என்ற கப்பலில் 342 பேர் இருந்தார்கள். அதிலும் அதற்குப் பின்னால் போன கப்பல்களிலும் ஏறியவர்களின் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், தாலுகா, உடம்பில் எங்கே தழும்பு என்பது வரை எழுதி வைத்தார்கள். அன்பினால் இல்லை. ஓடிப்போனால் பிடிப்பதற்காக. மாட்டுக்குச் சூடு போடுகிற புத்திதான் அது. ஆனால் அந்தப் புத்தியின் புண்ணியத்தில், இன்று டர்பனிலிருந்தும் மொரீசியசிலிருந்தும் வரும் பிள்ளைகள் கையில் தாத்தாவின் கூலி எண்ணோடு ஒரு தாள் இருக்கிறது. ஊர் பெயர் ஆங்கிலத்தில் சிதைந்து கிடந்தாலும் அதைப் படித்துக் காட்டி, எங்கள் ஆட்கள் யாராவது மிச்சமிருக்கிறார்களா என்று கேட்கிறார்கள். அவர்களை நாம் எப்படி வரவேற்கிறோம்? கிராம நிர்வாக அலுவலர் நெற்றியைச் சுருக்குகிறார். டீக்கடையில் செய்தி பரவுகிறது: “வெளிநாட்டுலேருந்து பங்கு கேட்டு வந்திருக்கான்.”

அடிமையாக வைத்திருந்தவன் கணக்கு வைத்திருக்கிறான். பெற்ற மண் வைத்திருக்கவில்லை.

வைத்திருக்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. மதராஸ் மாகாணத்தில் 1899இலேயே பிறப்பு இறப்புப் பதிவுக்கென்று தனிச் சட்டம் வந்தது. கிராமத்தில் யார் செத்தாலும் எழுத வேண்டிய பொறுப்பு கிராம முன்சீப்புடையது. அவர் எழுதினார், தன் மனம்போல. காலராவையும் அம்மையையும் அடையாளம் தெரிந்தால் எழுதுவார், மற்றதெல்லாம் ‘காய்ச்சல்’. பிரசவத்தில் போனவள், பட்டினியில் போனவன், பண்ணையில் அடிபட்டுப் போனவன் எல்லோருக்கும் ஒரே காய்ச்சல்தான் அடித்திருக்கிறது. அந்த முன்சீப்பு, கர்ணம் பதவிகளை எம்.ஜி.ஆர். ஆட்சி 1980இல் ஒழித்தது. பரம்பரைப் பதவி ஒழிந்தது, ரொம்ப நல்லது. பதவியோடு எத்தனை ஊர்களில் காகிதக் கட்டும் ஒழிந்தது என்று எந்த அமைச்சரும் இதுவரை சட்டமன்றத்தில் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

இன்று நடப்பிலிருக்கும் மத்தியச் சட்டம் 1969ஆம் ஆண்டினுடையது. அதன் 17ஆம் பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பதிவேட்டில் தேடச் சொல்லலாம். ‘யார் வேண்டுமானாலும்.’ சட்டம் எழுதியவர் மகராசனாக இருக்க வேண்டும். அலுவலக ஜன்னலுக்கு உள்ளே இருப்பவர் அந்தப் பிரிவைப் படித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.

கிராமத்துப் பழைய ஏடுகள் சார் பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும் என்றார்கள். ஓர் அலுவலகத்துக்குப் போனேன்.

“யாருக்கு டெத் சர்ட்டிபிகேட்?”

“எங்க கொள்ளுத்தாத்தாவுக்கு.”

“எப்ப இறந்தாரு?”

“விளம்பி வருஷம், மாசி மாசம், தேய்பிறை திரயோதசி.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். குற்றம் அவர் மேல் இல்லை. எங்கள் வீட்டில் அந்தத் திதி ஒன்றுதான் தப்பாமல் வந்திருக்கிறது. தகப்பன் போனபோது என் தாத்தாவுக்கு நாலு வயது. வாந்திபேதி என்று ஒரு பேச்சு, பாம்பு கடித்தது என்று இன்னொரு பேச்சு. திவசம் மட்டும் வருஷம் தவறாமல் நடந்தது. தமிழ்நாட்டில் பாதிக் குடும்பங்களின் சாவுக் கணக்கு இப்படித்தான்: “பெரிய புயலுக்கு மறுவருஷம்”, “பர்மாக்காரங்க நடந்து வந்தப்ப”, “காந்தி செத்த தையிலே”. கணக்குப் போட்டுப் பார்த்தால் வருஷம் துல்லியமாக வந்துவிடும். விளம்பி என்றால் 1898 சித்திரையில் தொடங்கி 1899 பங்குனியில் முடிகிறது. மாசி என்றால் 1899இன் பிப்ரவரி, மார்ச். அதையும் சொன்னேன்.

“அப்ப சரி. எதுக்கு வேணும்?”

“தெரிஞ்சுக்கத்தான்.”

“தெரிஞ்சுக்கன்னா… சொத்து தகராறா?”

“இல்ல.”

“பட்டா மாத்தணுமா?”

“இல்ல.”

“வாரிசுல பிரச்சினையா?”

“சொத்தே இல்ல சார்.”

அவர் முகத்தில் அப்போது வந்தது கோபம் இல்லை, இரக்கம். சொத்து இல்லாத ஒருவனைத் தேடி இன்னொருவன் வருவானா என்ற திகைப்பு. பக்கத்து மேஜைக்காரர் ஆறுதலாகச் சொன்னார்: “சார், சொத்து இருந்தா எடுத்துரலாம் சார்.”

இந்த ஒரு வரியைக் கல்லில் வெட்டி எல்லாத் தாலுகா அலுவலக வாசலிலும் நட வேண்டும். இறப்பைப் பதிவு செய்வது சொத்துக்காக. இறப்புச் சான்றிதழ் வாங்குவது வாரிசுச் சான்றிதழுக்காக. வாரிசுச் சான்றிதழ் பட்டாவுக்காக. ஆக, பட்டா இல்லாதவன் சாவதே இல்லை, காணாமல் போகிறான். நிலமில்லாத கூலிக்காரர், சேரியில் செத்தவர், புருஷன் பெயரில் மட்டும் அறியப்பட்ட பெண், பெயர் வைக்கும் முன்பே போய்விட்ட குழந்தை இவர்களெல்லாம் யாருக்கும் எதுவும் விட்டுப்போகாததால் அரசாங்கத்துக்குத் தங்கள் சாவையும் விட்டுப்போகவில்லை. சாதிக்கொரு சுடுகாடு வைத்த சமூகம் இது. காகிதத்தில் மட்டும் எல்லோரையும் ஒரே இடத்தில் புதைக்குமா?

ஏட்டில் தேடுவதற்குத் தேடும் வருஷம் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். வருஷம் சரியாகத் தெரியாத ஏழைக்கு அங்கேயே கதவு சாத்தியாகிவிட்டது. கட்டினேன். கடைசியில் கையில் கிடைத்தது படிவம் 10. அதாவது, தேடிப் பார்த்ததில் பதிவு கிடைக்கவில்லை என்பதற்கான சான்று. முத்திரை இருந்தது, கையெழுத்து இருந்தது, தேதி இருந்தது. ஒரு மனிதர் செத்தார் என்று எழுதி வைக்க வக்கில்லாத அரசு, எழுதி வைக்கவில்லை என்பதை எவ்வளவு அழகாக எழுதிக் கொடுக்கிறது பாருங்கள். அந்தத் தாளில் என் கொள்ளுத்தாத்தாவின் பெயர் எழுத்துப்பிழை இல்லாமல் இருந்தது. அரசாங்கக் காகிதத்தில் அவர் பெயர் ஏறியது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

ஒருவேளை கிடைத்திருந்தாலும் எனக்கு வேண்டியது கிடைத்திருக்காது. அதே 17ஆம் பிரிவுக்கு ஒரு வால் உண்டு. யாருக்குக் கொடுக்கும் இறப்பு நகலிலும் சாவின் காரணத்தைக் காட்டக் கூடாது. நேற்று செத்தவரின் நோயை ஊர் அறிய வேண்டாம் என்பது நியாயம். 1899இல் செத்தவருக்கு பேதியா பாம்பா என்று கொள்ளுப்பேரன் அறிந்தால் யாருடைய மானம் போகும்?

காரணத்தை மறைப்பதில் நமக்கு இருக்கும் கைராசி சாதாரணமானது இல்லை. 2020 ஜூலையில், சென்னையில் கொரோனாவால் இறந்தும் கணக்கில் வராமல் விட்டுப்போனவர்கள் என்று 444 பேரை ஒரே நாளில் பட்டியலில் சேர்த்தார்கள். மாநகராட்சியின் இறப்புப் பதிவேடும் சுகாதாரத் துறையின் தினசரி அறிக்கையும் ஒத்துப்போகவில்லை. குழு போட்டுச் சரிபார்த்தார்கள். கைப்பேசி, கணினி, தொலைக்காட்சி, தினமும் மாலையில் புள்ளிவிவரம் எல்லாம் இருக்கும்போதே நானூற்றுச் சொச்சம் பிணங்கள் இரண்டு மேஜைக்கு நடுவே விழுந்துவிட்டன. 1918 இன்ஃபுளுயன்சாவில் விழுந்தவர்களை யார் பொறுக்குவது?

சாதாரண ஜனங்களுக்குத்தான் இந்தக் கதி என்று நினைக்காதீர்கள். இந்த மாநிலத்தின் முதலமைச்சர் 2016 டிசம்பர் 5 இரவு இறந்தார் என்று அறிவித்தார்கள். 2017இல் விசாரணை ஆணையம் போட்டார்கள். 2022இல் வந்த அதன் அறிக்கை, சாட்சியங்களின்படி அவர் இறந்தது டிசம்பர் 4 பிற்பகல் என்றது. நாடே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மரணத்துக்கே இரண்டு தேதி. மாசி தேய்பிறைத் திரயோதசி என்று ஒரே தேதியை நூற்றிருபது வருஷத்துக்கு மேல் காப்பாற்றிய எங்கள் வீட்டுக் கிழவிகளுக்குத்தான் அந்த ஆணையத்தின் சம்பளத்தைக் கொடுத்திருக்க வேண்டும்.

சர்க்கார் ஏடு வேண்டாம், செய்தித்தாளில் மரண அறிவிப்பு வந்திருக்குமே என்பார்கள் நகரத்து நண்பர்கள். வந்திருக்கும், செண்டிமீட்டருக்கு இவ்வளவு என்று காசு கொடுக்க முடிந்தவர்களுக்கு. அதையும் எடுத்துப் படியுங்கள். சிவலோக பதவி, வைகுண்ட பதவி, கர்த்தருக்குள் நித்திரை, இயற்கை எய்தினார் என்று போன இடம் சுத்தமாகத் தெரியும். பிறந்த இடம் இருக்காது. மூத்த மகன் எம்.எஸ்., டெக்சாஸ், இளைய மகன் எம்.பி.ஏ., துபாய், மருமகன் ஓய்வுபெற்ற தாசில்தார். செத்த அம்மாளின் தகப்பன் பெயர் என்ன, அவர் எந்த ஊர்ப் பெண் என்று தேடினால் ஒரு எழுத்து இருக்காது. வேலை தேடும் விண்ணப்பத்தைப் பிணத்தின் மேல் ஒட்டியது போல இருக்கும்.

சுவரொட்டியும் ஃப்ளெக்ஸும் இன்னும் விசேஷம். ‘கண்ணீர் அஞ்சலி’ என்று ஆளுயரப் பலகை. சட்டமன்ற உறுப்பினர் படம் பெரிதாக, ஒன்றியச் செயலாளர் படம் அடுத்ததாக, வட்டத்துக்குள் வட்டமாக வருங்கால கவுன்சிலர்கள். செத்தவர் எங்கே என்று கேட்டால் மூலையில், மாலைக்குள், தபால்தலை அளவில். அழுகிறவர்களுக்கு அகலம் பார்த்து இடம் ஒதுக்கியதில் இறந்தவருக்கு இடமில்லாமல் போயிற்று. பதினாறாம் நாள் அந்தப் பலகை கழற்றப்பட்டு யார் வீட்டு மாட்டுக் கொட்டகைக்கோ கூரையாகப் போய்விடும். உருப்படியாக மிஞ்சுவது கருமாதி மொய் நோட்டுதான். எந்த ஊர் யார் எத்தனை ரூபாய் எழுதினார்கள் என்பது அதில் பிசகாது. திருப்பிச் செய்ய வேண்டிய கடன் அல்லவா? வம்சாவளி தேடுகிறவர்களுக்கு நான் நிஜமாகவே சொல்லும் யோசனை: அலுவலகத்துக்குப் போவதற்கு முன் பாட்டியின் டிரங்குப் பெட்டியைத் திறந்து மொய் நோட்டைத் தேடுங்கள். உறவுக்காரர் யார் யார், அந்த வருஷம் யார் உயிரோடு இருந்தார் என்பது அதில் தெரியும்.

இதிலும் யாழ்ப்பாணத்தார் நம்மைத் தலைகுனிய வைக்கிறார்கள். முப்பத்தோராம் நாளுக்கு அவர்கள் அச்சிடும் ‘கல்வெட்டு’ என்ற நினைவு மலரில் இறந்தவரின் வரலாறும், திதி சொல்லும் வெண்பாவும், பல நேரம் வம்சாவளியும் இருக்கும். வந்தவர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிரதி. 1981இல் அவர்களுடைய பொது நூலகம் எரிக்கப்பட்டு 97,000 நூல்கள் சாம்பலாயின. அப்படிப் பறிகொடுத்தவர்கள் 2005 முதல் ‘நூலகம்’ என்ற பெயரில் அந்த நினைவு மலர்களையும் தேடிச் சேர்த்து இணையத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். நம்முடையதை யாரும் கொளுத்தவில்லை. கரையானுக்குக் கான்ட்ராக்ட் விட்டிருக்கிறோம்.

நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்குப் போன குடும்பங்களிடம் போய் இந்தப் பேச்சை எடுக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. 1942, 43இல் ஜப்பானியர்கள் தோட்டங்களிலிருந்து தமிழர்களைச் சயாம் மரண ரயில்பாதைக்குப் பிடித்துப் போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை. அங்கே செத்த நேச நாட்டுப் போர்க் கைதிகளில் ஏறக்குறைய 7,000 பேருக்குக் காஞ்சனபுரியில் புல் வெட்டிப் பராமரிக்கும் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பெயர் தெரிந்தவருக்கெல்லாம் தனித் தனிப் பெயர்ப்பலகை. அவர்களைவிடப் பல மடங்கு செத்த ஆசியக் கூலிகளுக்கு, அவர்களில் பெருந்தொகையான தமிழர்களுக்கு, ஒரு முழுப் பெயர்ப் பட்டியல்கூடக் கிடையாது. ஜப்பான்காரன் எழுதவில்லை, வெள்ளைக்காரன் எழுதவில்லை. அதற்குப் பின் வந்த நாமும் ஊர் ஊராகப் போய் “உங்கள் வீட்டில் யார் போனார், யார் திரும்பவில்லை” என்று கேட்டு எழுதவில்லை. சொந்த அரசு வந்து எழுபது வருடத்துக்கு மேல் ஆகிறது. கேட்டால் சொல்லக்கூடிய கடைசிக் கிழவியும் இதற்குள் போயிருப்பாள்.

பணமில்லை, ஆளில்லை, பழைய காகிதம் தொட்டால் நொறுங்குகிறது என்று துறைகள் சொல்லும். நம்பாதீர்கள். அதே பதிவுத் துறை, அதே சார் பதிவாளர் அலுவலகம், வில்லங்கச் சான்றை 1975 முதல் இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறது. ஒரு சர்வே எண்ணைத் தட்டினால் அந்த நாலு சென்ட் நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, யார் அடகு வைத்தார், எப்போது மீட்டார் என்று மொத்த ஜாதகமும் உங்கள் கைப்பேசியில் விரிகிறது. நிலத்துக்குத் தகப்பன், பாட்டன், பூட்டன் எல்லாம் உண்டு. அதில் ஏர் ஓட்டிச் செத்தவனுக்குத்தான் படிவம் 10.

ஆகவே பதிவுத் துறைக்கும் அதன் அமைச்சருக்கும் ஒரே ஒரு கோரிக்கை. நூறு ஆண்டுக்கு முந்திய இறப்புப் பதிவேடுகள் எந்தெந்த அலுவலகத்தில் எத்தனை மிச்சமிருக்கின்றன என்று முதலில் எண்ணிச் சொல்லுங்கள். இருப்பதைப் படமெடுத்து, சாவின் காரணத்தையும் மறைக்காமல், காசு கேட்காமல், “எதுக்கு” என்று கேட்காமல் இணையத்தில் போடுங்கள். வில்லங்கத்தை ஏற்றிய அதே ஆட்களும் அதே இயந்திரமும் போதும். சொத்து விட்டுப் போகாதவர்களும் இந்த நாட்டில் செத்திருக்கிறார்கள்.